கருவாடு சுடாத வீடு

அன்றைக்கு அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்காரர் சம்பத் சார். அவர் மனைவி கோமளா அம்மா. பக்கத்து வீட்டில் குடியிருந்த சரோஜம்மா. என் அப்பா. என் மனைவி ஸ்டெல்லா. நான் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்த கெமிஸ்ட் மாலினி மேடம். அப்புறம் நான். எட்டாவதாக ஒருவர் இருந்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏழு பேரும் ஆளுக்கொரு தரம் மூச்சை இழுத்து அந்த வீட்டை முகர்ந்து பார்த்தோம். இரண்டு சின்ன அறை, ஒரு குளியலறை. அதற்குள் ஏழு பேர் நின்றுகொண்டு காற்றை விசாரணை செய்தோம். சிரிப்பாகத்தான் இருக்கும் உங்களுக்கு. எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

இத்தனை வருஷம் கழித்து இதை எதற்கு எடுத்தேன் என்றால், போன வாரம் பெங்களூர் மடிவாளாவில் பஸ் ஏறினேன். அடுத்த ஸ்டாப்பில் ஒரு அம்மா பிளாஸ்டிக் கூடையோடு ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். கூடையை மூடியிருந்த பேப்பருக்கு வெளியே ஒரு கருவாட்டு வால் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பெண் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துபோய் நின்றுகொண்டாள். அதைப் பார்த்த அடுத்த நொடி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? என் சட்டைக் காலரை இழுத்து மோந்துகொண்டிருந்தேன். என் சட்டையில் எதுவும் இல்லை. காலையில்தான் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டது. இருந்தாலும் கை தானாகப் போய்விட்டது. அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. இறங்கி வீடு வந்த பிறகும் தணியவில்லை. அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தங்கவயல்காரர்கள். அப்பாவுக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை. பாறைத் தூள் நெஞ்சில் இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு விசில் அடிக்கிற நிலைமைக்கு வந்தபிறகு, ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, கிடைத்த வேலையெல்லாம் பார்த்துக் கல்யாணமும் பண்ணிக்கொண்டிருந்தேன். எல்லோருமாகப் பெங்களூர் வந்தோம். பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டில் எனக்கு வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெளியே போர்டு கிடையாது. உள்ளே என்னவோ காய்ச்சுகிறார்கள் என்று டீக்கடைக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். சாராயம் என்று ஒரு சந்தேகம் அவருக்கு. என்னிடம் ரகசியமாக ஒரு பாட்டில் கேட்டும் பார்த்தார்.

காய்ச்சியது மருந்து. மருந்தென்றால் கடையில் விற்கிற மருந்து இல்லை. மருந்தாக ஆகலாம் என்று நம்புகிற பொருள். பெரிய கம்பெனிகள் இந்த மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்லும். எங்கள் கெமிஸ்டுகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து அதை ஒரு சிட்டிகை அளவுக்குச் செய்து தருவார்கள். நான் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன். அது போக, உபயோகித்த திரவங்களைத் திரும்பக் காய்ச்சி வடித்துக் கொடுப்பதும் என் வேலை. புதிதாக வாங்கினால் முதலாளிக்குச் செலவு.

அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று நான் மாலினி மேடத்தை ஒருநாள் கேட்டுவிட்டேன். பயம்தான் காரணம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். வெடிக்குமா, விஷமா, கை வெந்துபோகுமா என்று கேட்டுக் கேட்டு அவர் பொறுமையைச் சோதித்திருக்கிறேன். அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். மேஜையைத் துடைத்துவிட்டு ஸ்கெட்ச் பேனாவால் ஆறு மூலை உள்ள ஒரு கட்டம் போட்டார்.

“ஆறு மணி கோத்து ஒரு வளையம் பண்றோம்னு வெச்சுக்கோப்பா. ஆறும் கார்பன்னா அது ஒரு மாதிரி. அதுல ஒண்ணை மட்டும் எடுத்துட்டு அந்த எடத்துல நைட்ரஜன் வெச்சா? ஒரே ஒரு மணிதான் வேற. ஆனா வளையத்தோட குணமே மாறிடும். உடம்புக்குள்ள போய் எங்க ஒட்டணும், யாரோட மல்லுக்கட்டணும், எல்லாம் அந்த ஒரு வேத்தாளாலதான் நடக்குது.”

“அந்த ஒருத்தன் இல்லன்னா?”

“மருந்தும் இல்ல. என் சம்பளமும் இல்ல, உன் சம்பளமும் இல்ல. போய் ஃபிளாஸ்க்கைக் கழுவு.”

இப்படி வேற்றாள் கலந்த வளையங்களுக்கு ஹெட்டிரோசைக்ளிக் என்று பெயர். அதை நாக்குத் தடுமாறாமல் சொல்ல எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. சாயம், பூச்சிமருந்து, அல்சர் மாத்திரை என்று எதை எடுத்தாலும் அதற்குள் அந்த வளையம் ஏதோ ஒரு உருவத்தில் உட்கார்ந்திருக்கிறதாம். அப்பாவுக்குச் சுரங்கத்து நெஞ்சோடு டிபியும் சேர்ந்திருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைக் கொண்டுபோய்க் காட்டினேன். “இதுலயும் அதே வளையம்தான்” என்றார் மேடம். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அப்பா மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வளையம்னா நடுவுல ஓட்ட இருக்கணுமேடா?”

அப்பாவின் நெஞ்சு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. செய்த பொருளை அழுக்கிலிருந்து பிரிக்க, ஆள் உயரக் கண்ணாடிக் குழாயில் ஒரு வெள்ளைப் பவுடரை நிரப்பி, மேலே ஊற்றிக் கீழே சொட்டுச் சொட்டாகப் பிடிப்பார்கள். அந்தப் பவுடரின் பெயர் சிலிக்கா. எனக்கு அந்தப் பெயர் தெரியும். அப்பாவின் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து டாக்டர் சொன்ன பெயர் அதுதான். ‘இது வேற சிலிக்காப்பா, பாறைத் தூள் இல்ல’ என்று மேடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அந்த வாளியைத் திறக்கும்போதெல்லாம் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டுதான் திறப்பேன். எல்லோரும் என்னைக் கொள்ளைக்காரன் என்று கூப்பிட்டார்கள். கெமிஸ்டுகளுக்கு வெள்ளைக் கோட்டு உண்டு. கழுவுகிறவனுக்குக் கிடையாது. புகையை வெளியே தள்ளுகிற காற்றாடி ஒன்று சுவரில் இருந்தது. நான் சேர்ந்த அன்றைக்கே அது ரிப்பேர். ‘அடுத்த மாசம் மாத்திடலாம்’ என்பார் முதலாளி. நான் அங்கே இருந்த வரைக்கும் அந்த அடுத்த மாசம் வரவே இல்லை.

அந்தக் காற்றாடி ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான் அதிகமாகக் காய்ச்சி வடித்தது பிரிடின் என்கிற திரவம். மேடம் கட்டம் போட்டுக் காட்டினாரே, ஆறில் ஒன்று நைட்ரஜன், அதுவேதான். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். வாசனை இருக்கிறதே, அழுகின மீனையும் புளித்த எதையோ ஒன்றையும் சேர்த்துத் தொண்டைக்குள் திணித்த மாதிரி. சேர்ந்த முதல் வாரம் மதியச் சாப்பாட்டை என்னால் உள்ளே இறக்க முடியவில்லை. இரண்டாவது மாதம் பசித்தது. அதற்கப்புறம் அந்த வாசனை எனக்குத் தெரியவே இல்லை. மூக்கு அதை விட்டுவிட்டது. வாசனை மட்டும் என்னை விடவில்லை. சட்டையில், தலைமுடியில், நகக்கண்ணில் என்று கூடவே வந்தது. சாயங்காலம் சிட்டி பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எனக்கு உட்கார இடம் கிடைக்கும். ஆரம்பத்தில் நான் அதைப் பெங்களூர்க்காரர்களின் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மை தெரிந்தபிறகு எனக்கு ஒரு வியாதியே வந்துவிட்டது. பார்க்கிறவர்களையெல்லாம் ‘என்மேல ஏதாவது வாசனை வருதா?’ என்று கேட்பேன். வருகிறது என்றால் வருத்தம். வரவில்லை என்றால் பொய் சொல்கிறார்கள் என்று சந்தேகம். தன்மேல் என்ன வாடை அடிக்கிறது என்று தன் மூக்குக்கே தெரியாமல் நடமாடுவது எப்படிப்பட்ட அவஸ்தை என்று எப்படிச் சொல்வேன்!

இனி வீட்டுக்கு வருகிறேன். ஆஸ்டின் டவுனில் சம்பத் சாருக்கு ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு வீடுகள். ஐந்தாவது வீடு எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிறது. அவரும் மாநில அரசு வேலையில் சூப்பரிண்டெண்ட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். முதல் நாளே ‘என்ன ஆளுங்க’ என்று கேட்டார். தங்கவயல், கிறிஸ்தவங்க என்றேன். தாடையைத் தடவிக்கொண்டார். வீடு மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்தது.

“ஒண்ணும் இல்லப்பா. காம்பவுண்டுல எல்லாரும் மரக்கறி. கறி, மீன் கூடாது. முக்கியமா கருவாடு. அந்த வாசனை செவுத்துல ஏறினா எறங்காது. சமைச்சது தெரிஞ்சுதுன்னா அட்வான்ஸ் திரும்பி வராது. இப்பவே சொல்லிட்டேன்.”

பெங்களூர் அட்வான்ஸ் உங்களுக்குத் தெரியும். பத்து மாத வாடகை. மாதம் தொள்ளாயிரம், ஆகவே ஒன்பதாயிரம். அப்பாவின் சுரங்கப் பணத்தில் கடன்காரர்கள் போக மிஞ்சியது ஏறக்குறைய அவ்வளவுதான். நெஞ்சைக் கொடுத்து வாங்கிய காசு. அதை எண்ணி சம்பத் சார் கையில் வைத்தோம். இனி அந்தப் பணம் பத்திரமாக இருப்பது எங்கள் அடுப்பில் என்ன வேகிறது என்பதைப் பொறுத்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வீட்டில் நாங்கள் இருந்த இரண்டு வருஷமும் ஒரு துண்டு கருவாடு சுடவில்லை. முட்டைகூட அவிக்கவில்லை. ஸ்டெல்லா சாம்பாரில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால்கூட எனக்குப் பயமாக இருக்கும். அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. மாதம் ஒரு ஞாயிறு ஒக்கலிபுரத்தில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வருவார். திரும்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவி, நாலு கிராம்பைக் கடித்துக்கொண்டே வருவார். காம்பவுண்டு கேட்டுக்கு வெளியே நின்று என்னிடம் ஊதிக் காட்டுவார். “ஒண்ணும் வரலியே?” கேட்பதோ என்னிடம்! நான் மட்டும் என்ன கண்டேன்? வரவில்லை என்று தலையாட்டுவேன்.

இப்படி இருந்த வீட்டைத்தான் கருவாட்டு வீடு என்றார்கள்.

முதலில் கோமளா அம்மா ஜாடையாகச் சொன்னார். அப்புறம் சரோஜம்மா வாசலில் கோலம் போடும்போது மூக்கைச் சுளித்துக்கொண்டு, “ஏனு வாஸ்னே இது, ஸ்டெல்லா?” என்று கன்னடத்தில் கேட்டார், என்ன வாசனை இது என்று. அப்புறம் சம்பத் சாரே வந்து நின்றார். “அக்ரிமெண்ட் ஞாபகம் இருக்கில்ல?” நான் பதறிப்போய் வேலையைப் பற்றிச் சொன்னேன். கெமிக்கல், பிரிடின், வளையம் என்று உளறினேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, பஸ்ஸில் சில்லறை இல்லாதவன் சொல்கிற கதையைக் கேட்பதுபோல் கேட்கிறார் என்று.

மாலினி மேடத்திடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “இவ்வளவுதானே? லேப்ல அது சிந்தினா என்ன பண்றோம்? ஆசிட் தண்ணி ஊத்தறோம் இல்ல? அது காரம்ப்பா. புளிப்பைக் கண்டா அடங்கிடும். வீட்டுல எலுமிச்சம்பழம் புழிஞ்ச தண்ணியில சட்டையை ஊற வெச்சு அலசச் சொல்லு” என்றார். ஸ்டெல்லா அப்படியே செய்தாள். அதிசயம் மாதிரி வாடை நின்றது. எனக்குத் தெரியாதுதான்; சரோஜம்மாவின் மூக்கு சுளிக்காததை வைத்துத் தெரிந்துகொண்டேன். எலுமிச்சைக்குத் தனியாக மாதம் ஒரு தொகை ஒதுக்கினோம். ஊறுகாய் போடுகிறோம் என்று காய்காரர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் பழைய வாடை சுவரில் இருக்கிறது என்று சம்பத் சார் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் முன்னால் முகர்ந்து பார்த்துத் தீர்மானம் செய்துவிடலாம் என்றார். “நான் தகராறு பண்ற ஆளு இல்லப்பா. மூக்குன்னு ஒண்ணு இருக்கே, அதைக் கேட்டா சொல்லிடப் போறது.” கருவாடு என்று முடிவானால் ஒன்பதாயிரமும் போய்விடும். மாலினி மேடத்தைச் சாட்சிக்கு வரச் சொல்லிக் கேட்டேன். லீவு நாளில், கழுவுகிறவன் வீட்டுப் பஞ்சாயத்துக்கு, மல்லேஸ்வரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார் அவர். அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

அவரைப் பார்த்ததும் சம்பத் சாரின் குரலே மாறிவிட்டது. “மல்லேஸ்வரத்துல எத்தனாவது கிராஸ்? அப்பா என்ன பண்றார்?” இரண்டே கேள்வியில் அவருக்குத் தெரிந்த யாரோ மேடத்துக்கு மாமா முறை ஆகிவிட்டார். கோமளா அம்மா ஓடிப்போய் ஒரே ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்தார். அதுவும் எங்கள் வீட்டுக்குள்ளேயே, எங்கள் கண்முன்னால். மேடம் அதை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். “சார், காப்பிக்கொட்டையை வறுக்கறப்போ வர்ற வாசனையில கூட பிரிடின் துளியூண்டு இருக்கு” என்றார். சம்பத் சார் மரியாதையாகச் சிரித்தார். மேடம் காப்பியைத் தொடவே இல்லை.

விசாரணை ஆரம்பமானது. சமையலறையில் ஒன்றும் இல்லை. முன்னறையில் ஒன்றும் இல்லை. குளியலறைக் கதவைத் திறந்தார்கள்.

“அம்மாடி!” என்று கோமளா அம்மா பின்னால் நகர்ந்து சரோஜம்மாவின் காலை மிதித்தார். அப்பா இருமினார். எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்டெல்லா என் துணியைத் துவைத்துத் துவைத்து அவள் மூக்கும் என் மூக்கு மாதிரியே ஆகியிருந்தது.

மேடம் வாசற்படியில் நின்று, உள்ளங்கையால் காற்றை மெல்லத் தன் பக்கம் தள்ளி முகர்ந்தார். லேபில் யாரும் பாட்டில் வாயில் மூக்கை வைக்க மாட்டார்கள். அப்படித்தான் தள்ளித் தள்ளி முகர்வார்கள். அதைப் பார்த்து கோமளா அம்மாவும் அதே மாதிரி செய்தார். தீபாராதனையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் இருந்தது.

“ஸ்டெல்லா, அந்த வாளியில என்ன?”

“சட்டைங்க மேடம். ராத்திரியே எலுமிச்சத் தண்ணியில போட்டுட்டேன். எல்லாரும் வராங்களேன்னு இப்பதான் ரெண்டு கை வாஷிங் சோடா போட்டேன். இன்னும் நல்லா சுத்தமாவட்டும்னு.”

“எலுமிச்சைத் தண்ணியைக் கொட்டிட்டுத்தானே?”

“இல்லியே. அதுலயேதான்.”

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ! புளிப்பு கட்டிப் போட்டதை சோடா அவுத்து விட்டுடுமே! அலசிட்டு சோடா போடணும்னு நான் சொல்லியிருக்கணும்.”

பயத்தில் செய்த காரியம் அது. புளிப்பு கொஞ்சம் போக்கும், சோடா கொஞ்சம் போக்கும், இரண்டும் சேர்ந்தால் முழுக்கப் போய்விடும் என்று நினைத்திருக்கிறாள் பாவம். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். மூன்று சட்டையின் வாடையும் ஒன்றாக எழுந்து வந்து வீட்டுக்காரரை வரவேற்றது.

மேடம் விடவில்லை. “இது மீன் இல்ல சார். நிரூபிச்சுக் காட்டறேன்.” முந்தின நாள் நான் போட்டுவந்து குளியலறை ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். கோமளா அம்மாவை முகரச் சொன்னார். அவர் முகம் கோணியது. ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டி, சட்டையின் கையில் பிழிந்து கசக்கினார். திரும்ப முகரச் சொன்னார்.

“போயிடுத்துங்க! நெஜமாவே போயிடுத்து!”

சம்பத் சாரும் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு சந்தேகம். அந்த அரை நிமிஷம் இருக்கிறதே, அதை நான் இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அப்பாவின் ஒன்பதாயிரம் திரும்பிவந்து எங்கள் கையில் உட்கார்ந்த அரை நிமிஷம்.

சரோஜம்மாவுக்கு ஒரே பரவசம். “மீனுகூ ஹாகே அல்வா! நிம்பேஹண்ணு ஹிண்டிதரே வாஸ்னே ஹோகுத்தே!” என்றார். மீனுக்கும் அப்படித்தானே, எலுமிச்சம்பழம் பிழிந்தால் வாசனை போய்விடுமே என்று.

சம்பத் சார் மெதுவாகத் திரும்பினார். “நிமகே ஹேகே கொத்து, சரோஜம்மா?” உங்களுக்கு எப்படித் தெரியும்?

மங்களூர்ப் பக்கத்துக்காரர் அந்த அம்மா. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். “டிவியல்லி நோடிதே.” டிவியில் பார்த்தாராம். யாரும் சிரிக்கவில்லை. அவரை யாரும் மேற்கொண்டு கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் மீன் வேகுமா என்று யாரும் முகர்ந்து பார்க்கப் போகவில்லை. அவர் போடுகிற கோலம் பெரியது.

சம்பத் சார் மேடத்திடம் வந்தார். முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மனுஷர்.

“ஆக, மேடம், மீன் வாசனையும் எலுமிச்சைக்குப் போகும். இதுவும் எலுமிச்சைக்குப் போகும். சரிதானே?”

“சரிதான் சார். ரெண்டுமே ஒருவகைக் காரம்தான். ஆனா வேற வேற...”

“ரெண்டும் ஒரே ஜாதி வாசனைங்கறீங்க. போதும்மா. நான் சொன்னதும் அதுதான்.”

மேடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மீன் வாசனை எலுமிச்சைக்குப் போகாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆனால் சிட்டிகைப் பொருளைச் செய்ய ஆறு மாதம் உட்கார்ந்து, வராததை வரவில்லை என்றே எழுதுகிற ஆளிடம் பொய்யை எங்கே போய் எதிர்பார்ப்பது? அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த உண்மையை எடுத்து எங்கள் தலையில் போட்ட ஆளின்மேல்தான் கோபம்.

அப்போதுதான் அப்பா பேசினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டு விட்டு.

“சார். கருவாட்டு வாசன இன்னான்னு எனக்குத் தெரியும் சார். இது அது இல்ல. அதுவா இருந்தா நான் இன்னும் ரெண்டு பிடி சோறு துன்னிருப்பேனே.”

ஸ்டெல்லா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சம்பத் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோமளா அம்மா, “சாப்பாட்டு நேரம் ஆயிடுத்து, முன்னாடி போட்டுண்டுடுங்கோ” என்று ஒரு மாத்திரை அட்டையையும் தண்ணீரையும் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். சம்பத் சாருக்கு வயிற்றில் அமிலத் தொல்லை. மேடம் அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் படித்தார்.

“சார், இதுக்குள்ள இருக்கறதும் அந்த வளையம்தான். இவர் வடிக்கிற திரவம் இருக்கே, அதே குடும்பம்.”

சம்பத் சார் அட்டையைத் திரும்ப வாங்கி, ஒன்றைப் பிதுக்கி, உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்தார்.

“இருக்கலாம்மா. ஆனா இதுல வாசனை இல்ல பாருங்க.”

விழுங்கிவிட்டார்.

ஒரு மாதத்தில் காலி செய்தோம். போகும்போது கையில் மூவாயிரம் கொடுத்தார். வெள்ளை அடிக்க அறுநூற்றைம்பது என்றார். அது எல்லா வீட்டிலும் பிடிப்பதுதான், நியாயம், ஒத்துக்கொண்டேன். மிச்சம் அடுத்த குடித்தனம் அட்வான்ஸ் கொடுத்ததும் என்றார். அடுத்த குடித்தனம் வந்தது. போய்க் கேட்டால், வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் வைத்து ஹோமம் பண்ணினேன், அந்தச் செலவு இருக்கிறதே என்றார். எதிலிருந்து சுத்தம் செய்தீர்கள் சார், பிரிடினிலிருந்தா, எங்களிடமிருந்தா என்று கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸில் ஏறி மடிவாளா தாண்டினபிறகுதான் அந்தக் கேள்வியே தோன்றியது. எனக்கு எல்லா நல்ல பதிலும் மடிவாளா தாண்டினபிறகுதான் தோன்றும்.

பொம்மனஹள்ளியிலேயே ஒற்றை அறை பார்த்துக்கொண்டோம். குடிபோன முதல் ஞாயிறு ஸ்டெல்லா கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்துக்கொண்டு கருவாடு சுட்டாள். அப்பா தட்டின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். “எப்படிக் கமகமங்குது பாத்தியாடா?” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தட்டில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, வாசனை மட்டும் இல்லை. ஆமாம்பா என்றேன். அன்றைக்குப் போனது போனதுதான். போன வாரம் பஸ்ஸிலும் அந்தப் பெண்ணின் துப்பட்டாவையும் கூடையிலிருந்த வாலையும் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அந்த ஷெட் இப்போது இல்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு முதலாளி நிலத்தை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டார்; அங்கே கண்ணாடி வைத்த ஆபீஸ் ஒன்று நிற்கிறது. ஓசூர் ரோட்டுக்கு மேலே பாலம் ஓடுகிறது. டீக்கடையும் இல்லை. மாலினி மேடம் ஐதராபாத் பக்கம் வேலைக்குப் போனார். நாங்கள் அத்தனை வருஷம் செய்த வளையங்களில் ஒன்றுகூட மாத்திரையாகி யார் வயிற்றிலும் இறங்கவில்லை என்று போகும்போது சொன்னார். “நூத்துல ஒண்ணுகூட தேறாதுப்பா, அதுதான் இந்த வேலை.” அதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தம் இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இருந்தது. அத்தனை ஃபிளாஸ்க்கையும் கழுவினவன் நான். அப்பா மாத்திரையெல்லாம் முடித்து டிபியை ஜெயித்தார். பாறைத் தூளை ஜெயிக்க முடியவில்லை. கடைசி வருஷங்களில்கூட, “ஆஸ்டின் டவுன் காசு வந்துச்சா?” என்று கேட்பார். வருதுப்பா என்பேன்.

சம்பத் சாரும் போய்விட்டார் என்று கேள்வி. ஆறு வீட்டையும் இடித்து அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்று பார்த்தேன். ஐந்தாவது வீடு எந்த இடத்தில் இருந்தது என்று புரியவில்லை. எனக்கும் இப்போது வயிற்றில் அமிலம். கோபம் வந்தால் எரிகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பது அதே மாதிரி மாத்திரைதான். தினமும் காலையில் ஒன்றைப் பிதுக்கி, ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறேன். அவர் சொன்னது சரிதான், அதில் வாசனை இல்லை.

ஒன்பதாயிரத்தில் மூவாயிரம் வந்தது. வெள்ளையடிப்பு அறுநூற்றைம்பதைக் கழித்துக்கொள்ளட்டும். பாக்கி ஐயாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய்.